மூன்றாம் தாள் இல்லாத கப்பல்

சுவர்க் கடிகாரம் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது. சாய்ந்திருக்கிறது என்பதே அவளைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை நேராக்க முக்காலியில் ஏறியவள், நேராக்கியும் முடித்து, சரியாக இருக்கிறதா என்று ஓர் எட்டுப் பின்னால் போய்ப் பார்க்க நினைத்தாள். முக்காலியின் மேல் நிற்கிறோம் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் எலும்பு டாக்டர். அவள் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆறு வாரமா? முதல்ல ஆறு நிமிஷம் உக்கார வெச்சுக் காட்டுங்க டாக்டர்."

அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. இந்த நாற்பத்தேழு வயது வரை அவள் உட்கார்ந்து காபி குடித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் டம்ளர் இருந்தால் மறு கையில் துடைக்கும் துணி இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில்கூடக் கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

அவள் நிலைத்து உட்காரும் இடம் ஒன்றே ஒன்று உண்டு, வேலை மேஜை. அவள் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு அடியில், ஜன்னல் பாதி தரைக்குக் கீழே புதைந்திருக்கும் ஒரு லேப் அறையில், இருபத்து நான்கு வருடமாக மெழுகும் பிளாஸ்டரும் அரைக்கும் சக்கரமும்தான் அவளுக்குச் சொந்தபந்தம். மேலே டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, வார்த்து, தேய்த்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு மேலே அனுப்புவாள். "கடிக்கும்போது கொஞ்சம் இடிக்குதாம் அக்கா" என்று திரும்பி வந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. செய்த பல் எந்த வாயில் போய் உட்கார்ந்தது, எதை மென்றது என்று அவள் ஒருநாளும் கண்டதில்லை. ஊரில் பாதிப் பேரை அவளுக்கு முகம் தெரியாது, தாடை தெரியும்.

இதை வைத்து நாத்தனார் அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர் சூட்டி, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. மாவுக்கட்டோடு வந்திறங்கியவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார்கள். படிக்கட்டின் உச்சியில் நின்ற நாத்தனார், "பல்லக்கா பல்லக்குல வர்றா, வழி விடுங்கப்பா" என்றாள். வலியோடு வலியாக அவளும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் நாள் கட்டிலில் இருந்தபடியே கைக்கெட்டிய அலமாரித் தட்டை மூன்று முறை அடுக்கினாள். இரண்டாம் நாள் கணவரின் சட்டைகளில் எல்லாப் பொத்தான்களையும் பிய்த்து, கெட்டியாகத் திரும்பத் தைத்தாள். மூன்றாம் நாள் தைக்க எதுவும் இல்லை. நல்ல காலால் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கட்டில் சட்டம் அதிர்ந்து ஜன்னல் கம்பி பாடியது. நான்காம் நாள் கணவர் வேலைக்குப் போன இடத்துக்கு ஒன்பது முறை போன் செய்தாள். அவர் பிரிட்ஜ் மெக்கானிக். ஒன்பதாவது முறை அவர் ஒரு பழைய சாமான் கடையில், திறந்து கிடந்த பிரிட்ஜுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார்.

"இப்போ என்ன?"

"ஒண்ணும் இல்ல. பிரிட்ஜுக்கு ஏன் உள்ள விளக்கு மஞ்சளா வெக்கிறாங்கன்னு யோசிச்சேன்."

அவர் போனை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம், உட்கார்ந்த இடத்தில் ஒரு ஆளைக் கட்டிப்போடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி படிந்த நீளப் பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். மூடியில் மூன்று பாய்மரத்தோடு ஒரு பழங்காலக் கப்பலின் படம். உள்ளே மரத்துண்டுகளாக இருக்கும், நாமே ஒட்டிக் கட்டவேண்டும்.

"யாரோ பாதி கட்டிட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. எடுத்துட்டுப் போங்க, இடமாவது மிச்சமாகும்."

பெட்டியைத் திறந்தபோது அவளுக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை. முழ நீளத்தில் ஒரு அடிக்கட்டை, அதில் மீன்முள் போல் செருகிய விலாச் சட்டங்கள். ஒரு பக்கம் முழுக்க மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டியிருந்தது. மறுபக்கம் வெறும் விலா. மேல்தளத்துக்கு ஒரே பலகை, அதில் கோடு அச்சடித்திருந்தது. ஒரு பையில் ஈயத்தில் வார்த்த பதினாறு பீரங்கிகள். நூல்கண்டுகள், ஒரு பென்சில். வரைபடத் தாள் இரண்டு இருந்தது. தாளின் மூலையில் 'மூன்றில் ஒன்று', 'மூன்றில் இரண்டு' என்று போட்டிருந்தது. மூன்றாவதைக் காணோம்.

கப்பலைக் கையில் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முனையிலிருந்து பின்பக்கம் வரை பார்த்தாள். தாடையைப் பார்க்கிற பார்வை அது.

"கோணல்," என்றாள்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அடிக்கட்டையே முறுக்கியிருக்கு. அது தெரியாம மேல மேல ஒட்டியிருக்கான் பாவி. இதுல மறுபக்கமும் ஒட்டினா கப்பல் வட்டமடிச்சுக்கிட்டே கிடக்கும்."

"இது தண்ணியில போகப் போறதில்லையே?"

அவள் வெந்நீரும் துணியும் கேட்டாள்.

முப்பத்தோரு பட்டைகளை அந்த யாரோ ஒட்டியிருந்தார். ஈரத்துணியை வைத்துப் பசையை இளக்கி, பல் மெழுகு சீவும் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரிக்க அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. பிரிக்கப் பிரிக்க அந்த ஆளைத் திட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் ஒவ்வொரு பட்டையின் உட்புறத்திலும் பென்சிலில் சின்னதாக எண் எழுதியிருந்தது; இடமும் வலமும் அரை மில்லிமீட்டர் கணக்கில் அளவு குறித்திருந்தது. இவ்வளவு கணக்குப் பார்த்தவன் அடியில் இருக்கும் கோணலை எப்படி விட்டான் என்று அவளுக்குப் புரியவில்லை. அது திட்டுவதைவிட அதிகமாக அவளைக் குடைந்தது.

கணவர் ஒரு பழைய பிரிட்ஜின் கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்தார். அதைவிடச் சமமான பரப்பு வீட்டில் வேறு இல்லை. அடிக்கட்டையை நனைத்து அதன் மேல் கிடத்தி, இரண்டு பக்கமும் இடுக்கிகள் போட்டு ஐந்து நாள் வைத்தாள். அந்த ஐந்து நாளும் மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்தாள். பார்க்காதே என்று சொன்ன கணவருக்கும் நாத்தனாருக்கும் திட்டு விழுந்தது.

பிறகு வேலை ஓடியது. லேப்பிலிருந்து அவளுடைய கருவிப்பெட்டி வீட்டுக்கு வந்தது. பல்லில் குழி தோண்டும் நுனியால் நூல் நுழையும் கப்பிகளைத் துளைத்தாள், ஒவ்வொன்றும் மிளகளவு. அச்சடித்த மேல்தளப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தீக்குச்சி அகலத்துக்குக் கீற்று கீற்றாக மரம் சீவித் தளம் பரப்பினாள். பீரங்கிகளில் பரு பருவாக ஈயம் தள்ளியிருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துத் தேய்த்துச் சரிசெய்து, அதற்கு அச்சு எடுத்து, மெழுகில் பதினாறு வார்த்தாள். கட்டு பிரித்து லேப்புக்குப் போகும் நாளில், டாக்டரிடம் கேட்டு, வார்ப்பில் மிஞ்சிய உலோகத்தில் அவற்றை ஊற்றிக்கொள்வது என்று முடிவு செய்தாள். பாய்மரங்களைப் பொருத்தப் போனபோது இன்னொரு கோணல் அகப்பட்டது. அடிக்கட்டையில் பாய்மரம் நிற்கவேண்டிய மூன்று துளைகளும் செங்குத்தாக இல்லை, பின்பக்கம் சாய்ந்திருந்தன. "இதையும் கெடுத்து வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் மரத்தூளும் பசையும் போட்டு அடைத்து, மூலைமட்டம் வைத்து நேராகத் துளைத்தாள்.

பென்சில் விஷயம் வந்தது அப்போதுதான். தளக் கீற்றுகளின் ஓரத்தில் கறுப்புக் கோடு தீட்டப் பெட்டியில் இருந்த பென்சிலை எடுத்தாள். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பென்சிலின் பின்முனையை யாரோ கடித்துக் கடித்துப் பதித்திருந்தார்கள். வெளிச்சத்தில் திருப்பினாள். அகலமாக இரண்டு பள்ளம், நடுவில் ஒரு சந்து. அதை அடுத்து இடதுபுறம் ஒரு பள்ளம் மட்டும் குறுக்காக, வரிசையில் பக்கவாட்டில் நுழையப் பார்க்கிற ஆளைப் போல.

அந்தப் பல்லை அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, இந்த ஆளு நம்ம கிளினிக்குக்கு வர்றவரு."

கணவர் பென்சிலை வாங்கிப் பார்த்தார். "பென்சிலைப் பாத்தா சொல்ற?"

"பல்லைப் பாத்துச் சொல்றேன்."

மீதி நாட்கள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் அவர், ஏன் பாதியில் விட்டார், அந்த மூன்றாம் தாள் எங்கே. கப்பலில் கயிறு கட்டும் விவரமெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கவேண்டும். அது இல்லாமல் மூடியில் இருந்த படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, இரண்டு பாய்மரத்துக்குக் கயிறு இழுத்தாள்.

கட்டுப் பிரித்த மறுநாளே, இன்னும் ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னதைக் காதில் வாங்காமல், கைத்தடியோடு லேப்புக்கு இறங்கினாள். பழைய பிளாஸ்டர் தாடைகள் சுவர் முழுக்கத் தட்டுகளில் இருந்தன. மூன்றாவது தட்டில் அகப்பட்டது. பென்சிலைத் தாடையின் முன்பல்லில் வைத்தாள். பூட்டில் சாவி போல உட்கார்ந்தது. கீழே ஒட்டியிருந்த சீட்டில் ஒரு பெயர், 'பின்பற்கள் மூன்று' என்ற குறிப்பு, அவ்வளவுதான்.

டாக்டர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"நோயாளி விலாசம் எல்லாம் குடுக்கக் கூடாது அக்கா."

"விலாசம் யாரு கேட்டா? எப்போ வர்றாருன்னு சொல்லுங்க போதும்."

"பத்தாம் தேதி காலையில. ஆனா கிளினிக்ல வெச்சு அவரைத் திட்டக் கூடாது."

பத்தாம் தேதி வரை அவள் பன்னிரண்டு நாளைத் தள்ளவேண்டியிருந்தது. பதினாறு பீரங்கிகளையும் வார்த்து, கறுப்பேற்றி, பிடிக்காமல் நான்கைத் திரும்ப வார்த்தாள். அந்த நாட்களில் லேப்பிலிருந்து போன ஒரு பல்கூட இடிக்கிறது என்று திரும்பி வரவில்லை என்பதை டாக்டர் கவனித்தார்.

வந்தவர் அறுபதை ஒட்டிய ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பென்சில். எடை, அளவுகளைச் சரிபார்க்கும் அரசு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் சரியா என்று பார்த்து முத்திரை குத்துவதே முப்பத்து மூன்று வருட உத்தியோகம். ஒரு வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றிருந்தார். அவள் காத்திருக்கும் அறையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பென்சிலை நீட்டினாள்.

"இது உங்களுதா சார்?"

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டார். "எங்க கிடைச்சுது?"

"கப்பல் பெட்டியில."

அவர் பென்சிலை வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டினார். பிறகு மெல்ல, "கோணலைப் பாத்துட்டீங்களா?" என்றார்.

"பாத்தேன். உங்களுக்குத் தெரியுமா அது?"

"முப்பத்தோராவது பட்டை ஒட்டும்போது தெரிஞ்சுது. ஊரான் தராசுல ஒரு கிராம் குறைஞ்சாலும் கண்டுபிடிச்சவன் நான். என் மேஜை மேலயே இருந்ததைப் பாக்கல. பிரிக்க மனசு வரல, மேல கட்டவும் மனசு வரல. ஒரு மாசம் அதைச் சுத்திச் சுத்தி வந்தேன். கடைசியில என் சம்சாரம்தான் கொண்டுபோய்க் கடையில குடுத்துட்டா." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க பிரிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

"அத்தனையும் பிரிச்சேன். உங்களைத் திட்டிக்கிட்டேதான் பிரிச்சேன்."

"திட்டணும்," என்று தலையாட்டினார். அவர் முகம் மட்டும் ஒரு சுற்று சுருங்கிப்போயிற்று. கேட்டிருக்க வேண்டாம், சொல்லியிருக்கவும் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டரின் உதவியாள் அவரைக் கூப்பிட்டாள். எழுந்து போனவர் கதவருகில் திரும்பி, "மூணாவது தாள் என்கிட்டதான் இருக்கு. துணி அலமாரித் தட்டுல விரிச்சுக் கிடக்கு. கொண்டு வரட்டுமா?" என்றார்.

அடுத்த ஞாயிறு மாலை தாளைச் சுருட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். கூடத்து மேஜையில் கப்பல் நின்றது. அவர் அதைத் தொடவில்லை. குனிந்து, முனையிலிருந்து பின்பக்கம் வரை ஒரு கண்ணால் பார்த்தார். தளத்தைப் பார்த்தார். பீரங்கிகளைப் பார்த்து, "இது பெட்டியில இருந்தது இல்லையே" என்றார். "நான் வார்த்தது" என்றாள். கணவர் டீ கொண்டுவந்து வைத்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் தாளை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளரை வைத்தார். பிறகு தாளையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார்?"

"பாய்மரம்..." என்று இழுத்தார். "இதுல ஒவ்வொண்ணும் பின்னால சாயணும். முன்னது கொஞ்சம், நடுவுல இருக்கறது இன்னும் கொஞ்சம், கடைசி அதைவிட. கோணம் போட்டிருக்கு பாருங்க. துளையை நான் சாய்ச்சுத்தானே வெச்சிருந்தேன்?"

அவள் தாளைப் பார்த்தாள். பக்கவாட்டுப் படத்தில் மூன்று பாய்மரமும், எதிர்க்காற்றில் நடக்கிறவர்கள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது போல, ஒன்றைவிட ஒன்று சாய்ந்திருந்தன. அந்த மனிதர் செய்ததில் சரியாக இருந்தது அந்த மூன்று துளைகள்தான். அவற்றைத்தான் அவள் தேடிப் பிடித்துத் திருத்தியிருந்தாள்.

காது இரண்டும் சூடேறிற்று. அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சிரிக்கவில்லை, மற்ற எல்லோரையும்விட அவளுக்காக வருத்தப்படுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கிளம்புங்க சார்," என்றாள். "எனக்கு வேலை இருக்கு."

"என்னம்மா இது," என்றார் கணவர்.

"இல்ல, பரவாயில்ல," என்று அவர் எழுந்துகொண்டார். தாளை விட்டுவிட்டுப் போனார்.

பதினேழு நாள் அவள் கப்பலைத் தொடவில்லை. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். சமையலறை டப்பாக்களை அளவு வரிசையில் அடுக்கினாள். பிறகு உயர வரிசையில் அடுக்கினாள். குழாய் வாஷர்களை மாற்றினாள். லேப்பில் ஒருவருக்குப் பல் அடுக்கும்போது, இயற்கையிலேயே அவருக்கு இருந்த ஒரு சின்னச் சாய்வை நேராக்கிவிடக் கை போனது. சட்டென்று கையை எடுத்தாள். சீட்டை இன்னொரு தடவை படித்தாள். 'பழைய பல் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும்' என்று டாக்டர் எழுதியிருந்தார். எத்தனை பேருடைய சாய்வை இதற்கு முன்னால் கேட்காமலே நேராக்கியிருப்போம் என்று அன்று முழுக்க மனசு அரித்தது.

வீட்டுக்கு வந்து துண்டை எடுத்தாள். கயிறுகளை வெட்டினாள். இரண்டு வார உழைப்பு, கால்மணி நேரத்தில் மேஜையில் நூல் குப்பையாகக் கிடந்தது. மறுநாள் அந்த ஆய்வாளருக்குப் போன் செய்தாள்.

"சார், நான் நேராப் போட்ட துளையை அடைச்சுட்டேன். கோணம் எனக்குப் பிடிபடல. நீங்க அளந்து சொன்னா நான் துளைப்பேன்."

"எப்போ வரட்டும்?" என்றார் அவர். வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். கோணமானியை வைத்து அவர் அளப்பார், ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. அதற்குள் இவளுக்குத் துளைக்கும் கருவி கையில் துடிக்கும். "சார், அதே அளவுதான், மூணு தடவை பாத்தாச்சு." "நாலாவது தடவைதான்மா தப்பு தெரியும்." பாய்மரத்துக்குப் பக்கவாட்டில் மாலுமிகள் ஏறும் கயிற்றேணியில் மட்டும் எண்ணூற்றுச் சொச்சம் முடிச்சு. இருபது முடிச்சு போடுவதற்குள் அவள் நான்கு தடவை எழுந்து ஜன்னலைச் சாத்தி, திறந்து, அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் நூலை வாங்கிக்கொண்டார். ஒரு ஞாயிறுக்கு நாற்பது முடிச்சு, அதற்கு மேல் ஒன்றுகூடப் போடமாட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குத் தண்டனையாக இருந்தது. அதனால் அந்த நேரத்தில் தளத்தில் வைக்க ஒரு சின்னப் படகும், நங்கூரமும், கணவர் கொடுத்த செப்புக் குழாயில் தண்ணீர் இறைக்கும் பம்பும் செய்தாள். இவை எதுவும் வரைபடத்தில் இல்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் புருவத்தை உயர்த்தினார். படகை மட்டும் ஒப்புக்கொண்டார். நங்கூரத்துக்காக இரண்டு ஞாயிறு சண்டை நடந்தது. வார்னிஷ் போடுவதா வேண்டாமா என்ற சண்டையில் நாத்தனார் நடுவராக இருந்து, இருவரையும் திட்டிவிட்டுப் போனாள்.

கப்பல் முடிந்தது ஒரு சாதாரண மத்தியானத்தில். கடைசிக் கயிற்றின் நுனியை அவர் வெட்டினார். மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கணவர்தான் கையைத் தட்டினார். அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கை இரண்டும் எங்கே போவது என்று தெரியாமல் புடவைத் தலைப்பை முறுக்கின.

"நீங்க எடுத்துட்டுப் போங்க சார்," என்றாள்.

"எனக்கா? முக்கால்வாசி நீங்க செஞ்சது."

"இங்க இருந்தா நான் திரும்பப் பிரிச்சுடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

கணவரும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படிக்குப் படி நின்று, மூன்று மாடி இறக்கினார்கள். அவள் மேலேயே நின்றாள். கூடத்து மேஜை வெறிச்சோடிக் கிடந்தது. அதைத் துடைத்தாள். இரண்டு நாள் கழித்து இடம் மாற்றிப் போட்டாள். ஒரு வாரம் கழித்து, கடிக்கும்போது இடிக்கிறதா என்று கேட்க வழி இல்லாத ஒரு பல்லை நினைத்துக்கொள்வது போல அந்தக் கப்பலை நினைத்துக்கொண்டே இருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"போய்ப் பாத்துட்டுத்தான் வாயேன்," என்றார் கணவர். "யாரும் வேண்டாங்கல."

இருவருமாகப் போனார்கள். செய்து கொடுத்த ஒன்று போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்று அவள் பார்க்கப்போவது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ஆய்வாளரின் மனைவி கதவைத் திறந்து, "வாங்க வாங்க, நான் கடையில கொண்டுபோய்ப் போட்டதைத் திரும்ப என் வீட்டுக்கே அனுப்பி வெச்சவங்க நீங்கதானா" என்று சிரித்தாள். கப்பல் புத்தக அலமாரியின் மேல், வெயில் நேராகப் படாத மூலையில் இருந்தது. தூசி இல்லை. பாய்மரங்கள் மூன்றும் சாய்வாக நின்றன. பார்க்க நன்றாகவே இருந்தது.

அந்த அம்மா கொடுத்த டீயை அவள் உட்கார்ந்து குடித்தாள். கணவர் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். மற்றவர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி டீயில் அவள் கண் கப்பலில் போய் நின்றது. தளத்தில் இருந்த சின்னப் படகு, அதன் தாங்கலில் ஒரு மயிரிழை இடதுபக்கம் ஒதுங்கியிருந்தது. இறக்கி எடுத்து வரும்போது பசை விட்டிருக்கவேண்டும். யாரும் கேட்கவில்லையே, சொல்லவேண்டாம் என்று நினைத்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அடுத்த ஞாயிறு கொஞ்சம் பசை எடுத்துட்டு வரட்டுமா சார்?"

ஆய்வாளர் மழையைப் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

"எடுத்துட்டு வாங்க," என்றார். "அந்தப் படகை நானும் ஒன்பது நாளா பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."